முதல் தரத் தூசி

போடியில் எங்கள் தெரு வழியாகத்தான் கல் கிரஷர் லாரிகள் போகும். நான் தைத்து மாட்டிய ஜாக்கெட்டை மறுநாள் உதறினால் ஒரு கை மண் கொட்டும். என் மகள் முத்துப்பிரியாவுக்கு ஏழு வயது. இரண்டு வருடமாக வீசிங். லாரிகளை வேறு வழியில் திருப்பச் சொல்லி, சந்திரவல்லி என்று கையெழுத்துப் போட்டு நான்தான் மனுக் கொடுத்தேன்.

விசாரிக்க வந்த அதிகாரி ஜீப்புக் கண்ணாடியைப் பாதிதான் இறக்கினார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தூசி இருக்குங்கிறதுக்கு என்னம்மா ஆதாரம்?" என்று கேட்டார். சேகரிக்க அவர்களிடம் ஆள் கிடையாதாம். ஒரு தட்டையும் ஒரு கவரையும் நீட்டினார். மொட்டைமாடியில் ஒரு மாதம் தட்டை வைத்து, விழுகிற சாம்பிளை நாங்களே ஆபீசில் கொடுக்க வேண்டுமாம். சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

தெருவிலேயே உயரமான மாடி ஏலக்காய் வியாபாரி சாதிக் பாட்சாவுடையது. தட்டை அவரிடம் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். குரங்கணிப் பக்கமிருந்து இறங்கும் காயை வாங்கி, நாற்பது வருடமாக ஏலத்துக்குச் சாம்பிள் அனுப்புகிற மனிதர். சருகு, பொடி எல்லாம் சலித்துக் கழித்து, மேலே நிற்கும் திரட்சியான காயை மட்டும்தான் அனுப்புவார். சாம்பிள் என்று காதில் விழுந்தால் போதும், அவர் கை சல்லடையைத் தேடும்.

தட்டில் சேர்ந்ததை அவரே ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. 'மாதிரியில் நுரையீரலுக்குள் செல்லும் நுண்தூசி அறவே இல்லை. பருமணல் மட்டுமே உள்ளது. எனவே லாரிகளைத் திருப்பத் தேவை எழவில்லை.' மறுசோதனை அடுத்த வருடம்தானாம்.

வாசலில் நின்று படித்துக்கொண்டிருந்தபோது சாதிக் பாட்சா வந்தார்.

"என்ன பாய், பொடியே இல்லைன்னு எழுதியிருக்கான்?"

"எப்படி இருக்கும் தங்கச்சி? அள்ளுனத அப்படியேவா குடுக்கிறது? தெருவுக்குக் கேவலமில்லையா? ரெண்டு தடவ சலிச்சேன். மாவாட்டம் இருந்ததப் பூராம் கழிச்சிட்டுத்தான் கொண்டுபோயிக் குடுத்தேன். நம்ம சாம்பிள இதுவரைக்கும் எவனும் கொறை சொன்னதில்ல."

முகத்தில் அவ்வளவு பெருமை.

உள்ளே முத்துப்பிரியா இருமத் தொடங்கினாள். நிற்கவில்லை. அவர் தலையை நீட்டிப் பார்த்தார்.

"புள்ளைக்கு மருந்து குடுத்தியா தங்கச்சி?"

"குடுத்தேன் பாய். நீங்க கழிச்ச பொடிதான் அவ நெஞ்சுல கெடக்கு."