முக்கோணம் போட்ட வேன்

வேனின் பின்கதவைத் திறந்த எழிலன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்துவிட்டான். கோழி எச்சமும் எலிப் புழுக்கையும் மழையில் நனைந்து நனைந்து புளித்த மரத்தூளும் சேர்ந்து அடித்த நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. பண்ருட்டியில் மூடிக் கிடந்த ஒரு முந்திரிக் கொட்டகைக்குப் பின்னால் வருஷக்கணக்காக நின்ற வண்டி. யாரோ அதில் கோழி அடைத்திருக்கிறார்கள். ஒரு கோழி கதவிடுக்கில் செத்து, உலர்ந்து, இறக்கையோடு தகட்டில் ஒட்டிப் போயிருந்தது.

"இதையா சார் லாரியில ஏத்திக்கிட்டு வந்தீங்க?" என்றான்.

தில்லைநாதனுக்கு அந்த நாற்றம் உறைக்கவே இல்லை. சிதம்பரத்தில் லாட்ஜ் நடத்துகிறவர். கோயிலுக்கும் பிச்சாவரத்துக்கும் வருகிற வெள்ளைக்காரர்களை வேனிலேயே படுக்க வைத்து ஊர் ஊராகக் கூட்டிப் போகலாம் என்று யாரோ அவருக்கு ஆசை காட்டியிருந்தார்கள்.

"வெளிநாட்டுல செஞ்ச வேன் எழிலா. உள்ள பாரு, கட்டில் இருக்கு, கை கழுவுற தொட்டி இருக்கு, அலமாரி இருக்கு. சினிமாக்காரன் கேரவன் வச்சிருக்கான்ல, அந்த மாதிரி ஆக்கிக் குடு. துருவெல்லாம் வெட்டிப் போட்டுடு. உள்ள இருக்கிற சாமான்ல மட்டும் கை வைக்காத. பழசுதான் இப்ப மவுசு."

அது 2010-ஆம் வருஷம். கடலூர் செம்மண்டலத்தில் எழிலனுக்குச் சொந்தமாக ஒரு டிங்கரிங் பட்டறை இருந்தது. பஸ்ஸோ வேனோ, நசுங்கியதை நிமிர்த்தி, துருப்பிடித்ததை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டு அடிப்பது அவன் வேலை. பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது அவனுடைய சித்தப்பா கொளஞ்சியப்பன். ஐம்பதைத் தாண்டிய ஆள். தைலம்மாள் என்று ஒருத்தியைக் கட்டி வைத்தார்கள். குழந்தை இல்லையென்று அவள் எப்போதோ பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து அண்ணன் வீட்டில் சாப்பாடு, அண்ணன் மகனோடு வேலை.

இரண்டு பேரும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேனைச் சுரண்டிக் கழுவினார்கள். தரையில் ஒட்டியிருந்த ரப்பர் விரிப்பைப் பிய்த்தால் அடியில் கோணி. கோணிக்கு அடியில் தார். அதற்கும் அடியில் சிமெண்டு. எவனோ ஒருத்தன் துருப்பிடித்த ஓட்டைக்குத் தகடு வைக்கச் சோம்பல்பட்டு, கோழிவலையைத் திணித்துச் சிமெண்டைக் கொட்டி மெழுகியிருந்தான். எழிலன் சுத்தியலால் தட்டியதும் அது கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. கூடவே கண் திறக்காத எலிக்குஞ்சுகளும் விழுந்து நெளிந்தன.

"த்தூ! இவனெல்லாம் ஒரு தொழில்காரன்!" என்று எழிலன் காறித் துப்பினான்.

"எவன் குனிஞ்சு பாக்கப் போறான்னு பூசியிருக்கான். விடு" என்றார் சித்தப்பா. எலிக்குஞ்சுகளைத் தகரத்தில் அள்ளிக் கொண்டுபோய் வெளியே கொட்டிவிட்டு வந்தார்.

தரைத் தகட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. சக்கரத்துக்கு மேலிருந்த வளைவுகள் கையால் தொட்டாலே அப்பளமாக நொறுங்கின. வெட்ட வெட்ட உள்ளே இன்னும் துருதான். எழிலனுக்கு வீட்டில் சோற்றில் கை வைத்தால்கூட அந்த வாடைதான் வந்தது. ஆனாலும் வேலை ஓடியது. வண்டியின் அடிச்சட்டம் நன்றாக இருந்ததால் அதன் மேல் புதுத் தகட்டை வளைத்து வைத்து வெல்டு அடித்துக்கொண்டே வந்தான்.

ஒரு நாள் காலையில் அவன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது, பக்கவாட்டில் பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்த சித்தப்பாவின் கை நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழிலன் வெளியே வந்தான்.

மேலே இருந்த நீலமும், அதற்கு அடியில் ஏதோ லேகிய விளம்பரம் எழுதிய பச்சையும் உரிந்து, கடைசியில் வெள்ளை வந்திருந்தது. வெள்ளையின் நடுவில் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம். பக்கத்தில் அப்பா, அம்மா, பையன், பெண் என்று நாலு முகங்கள். பாதி அழிந்திருந்தாலும் சிரிப்பு தெரிந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம். சின்ன வயதில் சுவர் சுவராகப் பார்த்ததுதான்.

சித்தப்பா அதற்குள் வேனுக்குள் ஏறியிருந்தார். முலாம் பூசிய இரும்புக் கட்டிலின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய், பக்கத்துக்கு ஒன்றாக இருந்த வளையங்களில் விரலை விட்டுப் பார்த்தார். மெத்தை நழுவாமல் கட்டுகிற வளையம் என்றுதான் எழிலன் நினைத்திருந்தான். சித்தப்பா இறங்கிப் பட்டறைக்குப் பின்னால் போய், குடலே வெளியில் வருவது போல வாந்தி எடுத்தார்.

"நாத்தம் ஒத்துக்கலியா சித்தப்பா?"

"நாத்தம் இல்லடா." வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "இந்தக் கட்டில்லதான் என்னப் படுக்க வச்சுக் கட்டுனாங்க."

எமர்ஜென்சி நேரம். அவருக்குப் பத்தொன்பது வயது. பண்ருட்டி மண்டியில் முந்திரி மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. அண்ணன் கோவிந்தசாமி, அதாவது எழிலனின் அப்பா, ஓர் ஆபீசில் தற்காலிக பியூன். ஆபரேஷனுக்கு ஆள் பிடித்துக் கொண்டு வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று மேலே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"மூட்டை தூக்கித் தூக்கி எனக்கு அடிவயித்துல வலி. ஒரு ஊசி போட்டாச் சரியாயிடும், டாக்டர் வேன்லயே வந்திருக்காருன்னு உங்கப்பன்தான் கூட்டிக்கிட்டுப் போனான். வயசு இருபத்தெட்டு, ரெண்டு புள்ளைக்குத் தகப்பன்னு அவனே எழுதச் சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன். ஏன் இப்பிடிச் சொல்றான்னு தோணுச்சு. அண்ணனாச்சேன்னு கேக்கல. முடிஞ்சதும் ஒரு வேட்டியும் பிளாஸ்டிக் பக்கெட்டும் குடுத்தாங்க. பக்கெட்ட அவன் எடுத்துக்கிட்டான்."

"தெரிஞ்சும் ஏன் கல்யாணம் பண்ணிக்கிட்ட?"

"பண்ணி வச்சதே அவன்தானே. நாலஞ்சு வருஷத்துல தானாச் சரியாயிடும், டாக்டரே சொன்னாருன்னான். நம்புனேன்."

திருவந்திபுரம் கோயிலுக்கு எல்லோரும் போனது எழிலனுக்கு ஞாபகம் இருந்தது. தம்பிக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்று அப்பாவும் கூட உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, சித்தியிடம், "மனசுல நம்பிக்க வச்சுக் கும்பிடும்மா" என்று சொன்னார். அதற்குப் பிறகும் அவருக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அந்தப் பெண்களைத் தொட்டிலில் போடும்போதெல்லாம் அம்மா, "மலடி கை படாம எடுத்துட்டுப் போ" என்பாள். அப்பா வெற்றிலை போட்டபடி அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

"சித்திய அந்தப் பேச்சுப் பேசுனப்ப நீயாவது வாயத் தொறந்திருக்கக் கூடாதா?"

"என்ன ஆம்பள இல்லம்பாங்களேன்னு பயம். அவளத் திட்டுற வரைக்கும் என்னத் திட்டலன்னு இருந்துட்டேன். நானும் யோக்கியன் இல்லடா." பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இத யார்கிட்டயும் சொல்லிடாத. இத்தன வருஷம் போயிடுச்சு. அப்பிடியே போவட்டும்."

மறுநாள் தில்லைநாதன் வந்தார். முக்கோணத்தைப் பார்த்ததும் புதையல் கிடைத்தது போலக் கையைத் தட்டினார். செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"இத அழிச்சுடாத எழிலா! மங்குன எடத்துல மட்டும் சிவப்பு ஏத்து. வெள்ளைக்காரன் இத போட்டோ எடுக்கவே வருவான். அப்ப அது ஆபரேஷன் கட்டிலா? நெனச்சேன். மேல ஒரு மெத்தையப் போட்டுட்டா ஹனிமூன் ஜோடியே படுக்கலாம்யா!" சொல்லிவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்துக் கண்ணடித்து, "என்னா பெரியவரே?" என்று சிரித்தார்.

சித்தப்பா கையில் உப்புத்தாளோடு நின்றார். சிரிக்கவும் இல்லை, விலகவும் இல்லை.

எழிலன் கட்டிங் டார்ச்சைப் பற்ற வைத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினான். கட்டிலின் ஒரு காலை அறுத்தான். அடுத்த காலுக்குப் போனான்.

"டேய், டேய்! அத ஏன்டா வெட்டுற?"

"துரு சார்."

கட்டிலில் துருவே இல்லை. வண்டி முழுக்கப் புழுத்துப் போயிருக்க, அது மட்டும் பளிச்சென்று இருந்தது. எழிலன் அதை நான்கு துண்டாக்கி வெளியே எறிந்தான். தில்லைநாதன் வாய்க்கு வந்தபடி திட்டினார். வண்டியை இனி உன்னிடம் விடமாட்டேன் என்றார். சொன்னபடியே இரண்டு நாளில் லாரி வந்து, பாதி வெல்டு அடித்த தரையோடும் முக்கோணத்தோடும் அதைப் புதுச்சேரியில் வேறொரு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனது. கோழி நாற்றம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

எழிலன் அதோடு விட்டிருக்கலாம். அவனால் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முள்ளைப் பல்லால் இழுத்து உறிஞ்சி, தட்டின் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு வந்தார். மோவாயில் வழிந்த குழம்பைப் புறங்கையால் துடைத்து, அதையும் நக்கினார். எழிலனின் மனைவி வெண்மதி அவருக்கு இரண்டாம் தடவை சோறு போட்டாள். சித்தப்பா புழக்கடையில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, அந்தப் பக்கெட் எத்தன வருஷம் ஓடுச்சு?" என்றான் எழிலன்.

"எந்தப் பக்கெட்டு?"

"சித்தப்பாவக் கொண்டுபோய் ஆபரேஷன் வேன்ல ஏத்திவிட்டு வாங்கிட்டு வந்தியே, அது."

வெண்மதியின் கரண்டி அப்படியே நின்றது. அப்பா கையிலிருந்த சோற்றைப் பிசைந்து வாயில் போட்டு, மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"அப்ப எல்லாரும்தான் செஞ்சாங்க. வேல போயிருந்தா நீ எத வச்சுப் படிச்சிருப்ப? அவன நான் நடுத்தெருவுலயா வுட்டேன்? இன்னிக்கி வரைக்கும் என் வீட்டுச் சோறுதானே திங்குறான்?" வெண்மதியைப் பார்த்து, "கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்றார்.

எழிலன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோது சித்தப்பா புழக்கடை வாசல்படியில் நின்றிருந்தார். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. எழிலனைத்தான் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டை வேட்டிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தார்.

"சித்தப்பா, நீ எதுக்குப் போற? போவ வேண்டியது நீயா?"

"யாருக்கும் தெரியாதுன்னுதான்டா இங்க எனக்குச் சோறு எறங்கிச்சு." தாழ்ந்த குரலில்தான் சொன்னார். "இனிமே வெண்மதி சோறு போடுறப்பல்லாம் என்னப் பாக்குமே. அதுக்கு நான் என்னா பண்ணுவேன்? உங்கிட்டச் சொன்னேன் பாரு, என் புத்திய எதால அடிக்கிறது."

வெண்மதி, "மாமா, இருங்க மாமா" என்று தெருவரைக்கும் ஓடினாள். அவர் திரும்பவில்லை.

பண்ருட்டியில் லாரி பாடி கட்டுகிற ஓர் இடத்தில் பெயின்ட் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று சில வாரம் கழித்துத் தெரிந்தது. எழிலன் பஸ் ஏறிப் போனான். பஸ்ஸில் வழியெல்லாம் அப்பாவைத் திட்ட வார்த்தை தேடினான். கடைசியில் தன்னைத்தான் திட்டிக்கொண்டான். சித்தப்பா வாயை மூடச் சொன்னதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. பேசியதற்கு, அப்பாவின் முகத்தில் காறித் துப்பிய திருப்தியைத் தவிர, இவனிடம் என்ன காரணம் இருந்தது?

சித்தப்பா ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துவிட்டு வந்து டீ வாங்கிக் கொடுத்தார். இந்தப் பக்கம் பெயின்ட் காய நேரமாகிறது என்றார். வெண்மதி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். வீட்டுக்கு வா என்று எழிலன் சொன்னது காதில் விழாதது போல டீக்கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கூட வேலை செய்கிற ஒருவர், யார் இது என்று கேட்டபோது மட்டும் நிமிர்ந்தார்.

"எங்க அண்ணன் மவன்" என்றார்.

எப்போதும் போலத்தான் சொன்னார். எழிலன் டீயைக் கீழே ஊற்றிவிட்டு, போய்ட்டு வரேன் என்று கிளம்பினான்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னா சொன்னான்?" என்று தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டு எழிலன் புழக்கடைப் பக்கம் போனான்.