மலைப்பக்கத்து வளையம்

1

பதினோரு ரூபாய் நாலு அணா. வரலட்சுமி டீச்சர் எனக்குத் தர வேண்டிய பாக்கி. ஏழு வருஷமாக நின்றுபோன அந்தப் பணம் போன செவ்வாய்க்கிழமை மணியார்டராக வந்துவிட்டது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தபால்காரர் சிவப்பிரகாசம், "ஏழு நாள் வெச்சிருப்பேன் பங்காரு. அதுக்கு மேல வந்த வழியே போயிடும்," என்றார். வாங்குவதா, விடுவதா என்று தெரியாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கதை பிறந்த விதம் இவ்வளவுதான்.

நான் திருத்தணியில் மண் வெட்டுகிறவன். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்து கற்றேன். என் வரிகள் குட்டையாக இருக்கும். பகலெல்லாம் கடப்பாரை பிடித்த கைக்குப் பென்சில் கனமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "முருகப்பெருமான் வீற்றிருக்கும் மலையின் அடிவாரத்தில், இளந்தென்றல் வீசும் ஒரு மாலைப்பொழுதில்"

(என் மனைவி குப்பம்மாள் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "எந்த சாயங்காலம் நீ தென்றல் வாங்கிக்கினு நின்ன? கூலி வாங்க இல்ல நின்னுக்கினு இருந்த?" என்றாள். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன். அழித்தால் காகிதம் கிழியும்.)

2

1942-ல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பேச்சு. ஒரு பெண்கள் கல்லூரி மூட்டை கட்டிக்கொண்டு வந்து எங்கள் ஊர்ச் சத்திரத்தில் இறங்கியது. அதோடு வந்தவர் வரலட்சுமி டீச்சர். பெண்களுக்குப் பாஸ்கெட் பால் சொல்லிக்கொடுக்கிறவர். வரும்போது அவரிடம் இருந்தது ஒரு பந்து, நாலு பெண்கள். ஆட்டத்துக்கு ஐந்து பேர் வேண்டுமாம்.

ஆடுவதற்குத் திடல் கேட்டார். "இங்கே தங்கப்போவதே ஒன்றிரண்டு வருஷம், அதற்கு ஒரு செலவா?" என்றார்கள் நிர்வாகத்தார். டீச்சர் தன் சம்பளத்திலிருந்து எனக்கு இருபது ரூபாய் பேசினார். முன்பணமாக எட்டு ரூபாய் பன்னிரண்டு அணா கொடுத்தார்.

"ரெண்டு வருஷம்னாலும் அந்த ரெண்டு வருஷமும் ஆடணும் இல்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

என்னிடம் 'ங்க' போட்டுப் பேசிய முதல் ஆள் அவர்தான். அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். கதைக்கு நடுவில் நன்றி சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது.

பந்து விழுகிற வளையம் மாட்டப் பழைய தண்டவாளம் இரண்டு அரக்கோணத்திலிருந்து வந்தன. வாங்கிக்கொடுத்தவர் ரயில்வே கார்டு தேசப்பன். அவருடைய மகள் கெங்கம்மாள்தான் டீச்சருக்குக் கிடைத்த ஐந்தாவது பெண். வளையத்துக்கான துளையைக் கொல்லர் முன்னமே போட்டிருந்தார். தண்டவாளம் நாலடி மண்ணுக்குள் இறங்கினால் வளையம் சரியாகப் பத்தடி உயரத்தில் நிற்கும்.

3

"டீச்சர் அளவைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போயிருந்தார். எனக்கோ எழுத்துத் தெரியாது. ஆகையால்"

இந்த வரி பொய். எழுதும்போதே கை நின்றுவிட்டது. எழுத்துத் தெரியாததன் மேல் பழியைப் போட எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள்!

நடந்தது இது. டீச்சர் வாயால்தான் சொன்னார், "நாலடி." அந்த வார்த்தை என் காதில் நன்றாக விழுந்தது. ஊர்ப்பக்கத்துக் குழி நாலடி போயிற்று. மலைப்பக்கத்துக் குழியில் மூன்றேகால் அடியிலேயே பாறை தட்டியது. அதை உடைக்க மூன்று நாள் ஆகும். மொத்தமாகப் பேசின கூலி. மூன்று நாளும் என் தலையில்தான் விழும். தண்டவாளத்தை அப்படியே நட்டு மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டேன். மலைப்பக்கத்து வளையம் முக்கால் அடி கூடுதல் உயரத்தில் நின்றது. தரை அந்தப் பக்கம் மேடாக ஏறுவதால் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

4

டீச்சர் கட்டி எழுப்பியதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் கெடுத்தது என்னவென்று உங்களுக்குப் புரியாது.

விடியற்காலையிலேயே பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவார்கள். மலைக்குப் போகிறவர்கள் படியில் நின்று சிரிப்பார்கள். டீச்சர் பந்தை நீட்டுவார். "சிரிக்கிறவங்க உள்ள வந்து ஒண்ணு போட்டுட்டுச் சிரிங்க." ஒருவரும் வரமாட்டார்கள். யுத்தகாலம், ரப்பர் கிடைக்காது. பந்தின் டியூப்புக்கு சைக்கிள் கடையில் பதினாலு ஒட்டு போட்டார். பெற்றவர்களைப் பார்க்க ரயிலேறி ஊர் ஊராகப் போனார். இரண்டாம் வருஷம் இருபத்திரண்டு பெண்கள் ஆடினார்கள்.

நான் தினமும் திடலுக்குத் தண்ணீர் தெளித்தேன். ஒருநாள் டீச்சர் சாக்குக்கட்டியைக் கையில் கொடுத்து, யார் எத்தனை போட்டார்கள் என்று பலகையில் குறிக்கச் சொன்னார். முதலில் கோடு. பிறகு எண். பிறகு பெயர். நான் கற்ற முதல் எழுத்து 'கெ'.*

* 'அ' என்று எழுதினால்தான் படிப்பவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அன்றைக்குப் பந்து போட்டவள் கெங்கம்மாள்.

கையில் பலம் உள்ளவள் என்று அவளை டீச்சர் எப்போதும் மலைப்பக்கமே விட்டார். அந்தப் பக்கம் எல்லோருக்கும் புள்ளி குறையும். "சாமி பார்த்துக்கினு இருக்காரு, கை நடுங்குது," என்பார்கள் பெண்கள். வளையத்தைக் கும்பிட்டுவிட்டுப் போடுவார்கள். பலகையில் அந்தக் குறைச்சலை எழுதினது என் கை. காரணம் தெரிந்தது எனக்கு ஒருவனுக்குத்தான். சொன்னால் பதினோரு ரூபாய் நாலு அணா போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கெங்கம்மாள் விடவில்லை. தினம் நூறு பந்து போட்டாள். அந்த உயரத்துக்குக் கையைப் பழக்கிக்கொண்டாள்.

5

1944 ஜனவரி முதல் வாரம் வேலூரில் போட்டி. இரண்டு வருஷத்தில் அவர்கள் வேறு திடலில் ஆடியது அதுதான் முதல் தடவை. பலகையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

கெங்கம்மாள் போட்ட ஐந்து பந்தும் வளையத்துக்கு மேலே பறந்தன. ஐந்தும் ஒரே அளவு உயரத்தில். முக்கால் அடி. கடப்பாரையால் அளந்தது போல எனக்குத் தெரிந்தது. பதினாலுக்குப் பன்னிரண்டு. ஒரு பந்துக்கு இரண்டு புள்ளி. ஒரே பந்தில் தோற்றோம்.

ரயிலில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் கையில ராசி இல்ல டீச்சர். இனிமே நான் பந்து போடமாட்டேன். தடுக்கிற எடத்துல நின்னுக்கறேன்."

"அஞ்சு பந்துக்கு ஒரு கையைத் தள்ளி வெப்பாங்களாடி?" என்றார் டீச்சர்.

அவள் கேட்கவில்லை. பலகையில் எழுதின பெயர்களைத் துடைத்துக்கொண்டு நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது

6

முடிவு ஒன்று: ரயிலிலேயே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். (நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: மறுநாள் டீச்சரே அளவு நாடாவோடு வந்து கண்டுபிடித்தார். (அதுவும் நடக்கவில்லை. மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் டீச்சர் என்னை மன்னித்துவிடுகிறார். எழுதுகிறவன் நான் ஆயிற்றே, வேறு எப்படி இருக்கும்?)

நடந்தது: பொங்கலுக்குப் பெண்கள் ஊருக்குப் போனார்கள். நானும் குப்பம்மாளும் மூன்று நாள் அந்தப் பாறையை உடைத்துத் தண்டவாளத்தை நாலடிக்கு இறக்கினோம். "ரெண்டு வருஷம் கழிச்சி செய்யற வேலையை அன்னிக்கே செஞ்சிருந்தா பொங்கலாவது துன்னிருக்கலாம்," என்றாள் அவள். இதற்கு நான் யாரிடமும் கூலி கேட்கவில்லை. கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பெண்கள் திரும்பி வந்தார்கள். கெங்கம்மாள் இருந்த இடத்தில் தேவகி என்கிற பெண் நின்றாள். மலைப்பக்கம் பந்து மேல் பந்தாக விழுந்தது. பெண்கள் துள்ளினார்கள். அதில் ஒருத்தி சொன்னாள், "பார்த்தியா, கெங்கா விலகினதும் வளையத்துக்கே நல்ல காலம் வந்துடுச்சி!"

கெங்கம்மாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றி எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதவில்லை.

நான் ஒளித்துச் செய்த தப்பைவிட, ஒளித்துச் செய்த திருத்தம் அவளை அதிகமாகக் கெடுத்துவிட்டது.

டீச்சர் தூணின் அடியில் இருந்த புது மண்ணைப் பார்த்தார். என் உள்ளங்கையைப் பார்த்தார். "தண்ணி தெளிச்சிட்டீங்களா பங்காரு?" என்றார். "ஆங், தெளிச்சிட்டேம்மா," என்றேன். அவருக்குத் தெரிந்ததா? எனக்குத் தெரியாது. அந்த மே மாதம் கல்லூரி சென்னைக்குத் திரும்பிவிட்டது. பாக்கி அப்படியே நின்றது, நானும் கேட்கவில்லை.

7

கெங்கம்மாள் இப்போது அரக்கோணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். அங்கே ஒரு திடல் போட அலைந்து திரிந்து பணம் சேர்த்திருக்கிறாள். போன மாதம் ஆள் அனுப்பி என்னை வரவழைத்தாள். "தூண் நடறதுன்னா நீங்கதான் நடணும் பங்காருண்ணா. எங்க டீச்சரோட திடலைப் போட்ட கை," என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு குழி தோண்டினேன்.

வேலை முடிந்த அன்று பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "டீச்சர், மொதல் பந்து நீங்க போடுங்க!" என்று கத்தினார்கள்.

"நான் வேணாம். வேலூர்ல அஞ்சு பந்தை விட்டு ஆட்டத்தையே தோத்தவ நான். நல்ல நாளும் அதுவுமா ராசியான கை போடட்டும்," என்று ஒரு சின்னப் பெண்ணிடம் பந்தைக் கொடுத்தாள்.

ஐந்து வருஷம் ஆகியும் அந்தத் தோல்வியை அவள் இறக்கி வைக்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம்தான் மணியார்டர் வந்தது. கூப்பனில் டீச்சர் கையெழுத்து: "தாமதத்துக்கு மன்னியுங்கள். திருத்தணித் திடலுக்கான பாக்கி. இப்போது இங்கே அறுபது பெண்கள் ஆடுகிறார்கள்." அதை நானே படித்தேன். யாரிடமும் கொடுத்துக் கேட்கவில்லை. அதுவும் டீச்சர் கொடுத்ததுதான்.

8

இன்று ஏழாம் நாள். சிவப்பிரகாசம் காலையில் வந்தார். "கட்டைவிரலா, கையெழுத்தா?" என்று கிண்டல் செய்தார். மணியார்டர் பாரத்தை வாங்கி, "எனக்குப் பாக்கி இல்லை. திருப்பி அனுப்பவும். பங்காரு," என்று எழுதிக் கொடுத்தேன்.

"பதினோரு ரூபாய்டா, மடையா!"

"நாலு அணாவும் இருக்குது சாமி. எல்லாம் தீந்துபோச்சி."

குப்பம்மாள் உள்ளேயிருந்து, "மண்ணெண்ணெய் வாங்கணும்," என்று மட்டும் சொன்னாள். திட்டவில்லை. அவளுக்கும் என் நன்றி.

இந்த நோட்டை இன்று சாயங்காலம் அரக்கோணத்துக்கு எடுத்துப்போகிறேன். மற்றவர்கள் யார் படித்தாலும் சரி, முதலில் படிக்க வேண்டியவள் அவள். முடிவை நான் எழுதவில்லை. மூன்றாவது முடிவும் எழுதினால் அதிலும் எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிடும்.

கெங்கம்மா, கடைசிப் பக்கம் காலியாக இருக்கிறது. பென்சிலையும் சீவி வைத்திருக்கிறேன். திட்டி எழுதினாலும் எழுது. ஆனால் அதற்கு முன்னால் வெளியே போய் ஒரே ஒரு பந்து போட்டுவிட்டு வா. உன் திடலில் இரண்டு தூணும் நாலடி ஆழத்தில் நிற்கின்றன. நாடா வைத்து, எண்ணைப் படித்து, நானே அளந்தேன்.