மைக்குக்கு நாலு கிலோமீட்டர்

எங்கள் அரங்கில் ஒப்பனை அறையிலிருந்து மேடை மைக்குக்கு நாலு கிலோமீட்டர். போன வருடம் எனக்குப் பன்னிரண்டு அடிதான். பாடகருக்குப் பயம் கூடினால் தூரமும் கூடும். அரங்கின் விதிமுறைகளிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

நான் ஒரு ராக் இசைக்குழுவின் பாடகன். மூன்று கச்சேரிகளில் பாதி வழியில் திரும்பியவன். இன்றும் திரும்பினால் என் இடத்தில் ஒரு ஸ்டாண்ட் ஃபேனை நிறுத்துவதாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. ஃபேனுக்குத் தலையாட்டத் தெரியும். எதிரில் நிற்பவர்களின் முடியும் பறக்கும். நியாயமான தீர்மானம்தான்.

இன்று திரும்புவதில்லை என்று முடிவெடுத்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

"மைக்கா சார்? ஸ்பீக்கர் ஸ்டாப்பிங் வரைக்கும்தான் வண்டி போவும்," என்றார் ஓட்டுநர்.

"அதுக்கப்புறம்?"

"தெரியாது சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

ஸ்பீக்கர் நிறுத்தத்தில் எங்கள் பழைய பேஸ் கிட்டார்காரன் புருஷோத்தமன் மைக் ஒயரில் லுங்கி காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் சகாயம்! வந்துட்டியா? இறங்கு, டீ சாப்பிடலாம்."

"நீ இங்க என்னடா பண்ற?"

"இன்ட்ரோ முடியட்டும்னு நின்னேன். ஆறு வருஷம் ஆச்சு. ரேஷன் கார்டு கூட வந்துடுச்சு."

பக்கத்துக் கட்டடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். 'மேடையச்சம் வென்றோர் பேரவை' என்று பலகை இருந்தது. வழியில் நின்றுபோன பாடகர்கள் எல்லாரும் உறுப்பினர்கள். ஒருவரும் பாடியதில்லை. தலைவர் 'ராக் மாமணி' கோதண்டபாணி கழுத்தில் பதினேழு பொன்னாடைகளோடு மைக் முன்னால் நின்றார்.

"செக். ஒன். டூ."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் அழுதார்கள்.

"மூணு சொல்லுங்களேன்," என்றேன்.

"தம்பி, மூணு சொன்னா நாலு சொல்லணும். நாலு சொன்னா டிரம்ஸ்காரன் அடிச்சிடுவான். அப்புறம் பாடணும். நமக்கெதுக்கு அந்த வேலை?"

பதினெட்டாவது பொன்னாடையை எனக்குப் போர்த்த வந்தார். துணைத் தலைவர் பதவியாம். போர்த்திக்கொண்டால் பாடியதற்குச் சமமாம்.

என் முழங்கால்கள் உடனே பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டன. உறுதிமொழியை நடுங்கிக்கொண்டேதான் வாசித்தன. புருஷோத்தமன் அவற்றுக்கு மாலை போட்டான்.

முழங்கால்களை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். காலை மடக்க முடியவில்லை. ஆனால் நடுக்கமும் இல்லை.

"தம்பி, உங்க பொன்னாடை!"

"முட்டிக்குப் போத்துங்க!"

மேடையில் ஃபேன் ஏற்கெனவே மைக் முன்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தது. எண்ணூறு பேர் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் நகருங்க," என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தது.

தூரத்தில் கோதண்டபாணியின் குரல் "ஒன், டூ" என்றது.

"மூணு," என்றேன். கொஞ்சம் பொறுத்து, "நாலு."

டிரம்ஸ் இடித்தது. பாடினேன். முதல் வரியிலேயே குரல் இரண்டாக உடைந்தது.

"யோவ், அந்த ஃபேனே தேவலாம்யா!" என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் கத்தினார்.

சரியான விமர்சனம். இரண்டாவது வரி அதைவிட மோசம். மூன்றாவது வரியைத் தொடங்கினேன்.