மறுபடி அடிக்காத மணி

எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் இருபதுக்கு இருபது யாருக்கும் கிடைப்பதில்லை. எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஆசிரியர் சிவப்பு மையால் எதையாவது சுழித்துவிட்டுப் பதினெட்டோ பதினேழோ போடுவார். அப்படிப் போடாத ஆசிரியரை நாங்களே மதிக்க மாட்டோம். அந்தப் பழக்கம்தான் போன கோடையில் என்னை எழுத வைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பேனாவைப் பிடித்திருந்தது நான்தான்.

நானும் என் கணவன் எர்வேயும் லீல் நகரத்துக்காரர்கள். போன ஆகஸ்டில் தெற்கே அவெரோன் பக்கம் ரூசெய்ராக் என்ற ஊரில் பத்து நாள் இருந்தோம். கிலேன் என்ற அம்மாளின் வீட்டு மாடியறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே சர்ச். அதன் மணி ஒவ்வொரு மணி நேரத்தையும் இரண்டு தடவை அடிக்கும். ஏழு மணிக்கு ஏழு அடி. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி ஏழு.

"முதல்ல அடிக்கிறது தலையை நிமிர்த்தறதுக்கு. ரெண்டாவது எண்ணறதுக்கு," என்றார் கிலேன், தோட்டத்தில் குனிந்து பீன்ஸ் பறித்துக்கொண்டே.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. முதல் ஏழில் விழிப்பேன். அடுத்த ஏழு வரும்வரை படுத்திருப்பேன். அந்த இரண்டு நிமிஷம் எந்தக் கணக்கிலும் சேராதது போலிருக்கும். கிளம்பும் நாளன்று கிலேனின் விருந்தினர் புத்தகத்தில் இப்படி எழுதினேன்: 'இரண்டு ஏழுகளுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது. விடுமுறை முழுக்க நான் அங்கேதான் தங்கியிருந்தேன். - சொலீன்.'

அதே நாள், ரயில் ஏறும் ஊரில், சுற்றுலா அலுவலகத்தில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. ரூசெய்ராக்குக்கு இருபதுக்கு எத்தனை? பதினேழு என்று போட்டேன். கீழே, 'குறை என்ன?' என்று ஒரு கோடு. மூன்று மதிப்பெண் குறைத்தவள் காரணம் சொல்ல வேண்டாமா? ரயிலுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தேன், ஒரு குறையும் வரவில்லை. எழுதினேன்: 'சர்ச்சுக்கு எதிர்வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கமே கிடையாது. மணியை ஒரு தடவை அடித்தால் போதாதா?' பெட்டியில் போட்டேன். ரயில் கிளம்புவதற்குள் மறந்தும் போனேன்.

இந்த வருஷம் காரில் அதே அறைக்கு வந்தோம். முதல் நாள் காலை ஏழு அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு நிமிஷம், மூன்று, ஐந்து. ஒரு புறா மட்டும் கத்தியது.

"ஓ, அதுவா," என்றார் கிலேன், காப்பியை ஊற்றியபடி. "சுற்றுலா ஆபீஸ்ல யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. அவங்க அந்தச் சீட்டை மேயருக்கு அனுப்பிட்டாங்க. நம்ம மேயர் ரெஜிசுக்கு வழக்குன்னாலே பயம். எங்கேயோ சேவல் கூவுதுன்னு கோர்ட் வரைக்கும் போனாங்களாமே! நமக்கு எதுக்கு வம்புன்னு ரெண்டாவது அடியை நிறுத்திட்டார்."

"யார் எழுதினாங்களாம்?" என்று கேட்டேன். ரொட்டியில் வெண்ணெய் தடவும் கையை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டேன்.

"எதிர்வீடுன்னு எழுதியிருக்கு. எதிர்ல இருக்கறதே ரெண்டு வீடு. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு அந்த பெல்ஜியக்காரரோடது." வீட்டில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் குரலைத் தாழ்த்தினார். "என் விருந்தாளிங்க இல்லைன்னு நான் அடிச்சுச் சொல்லிட்டேன். நீ எழுதினதைத்தான் மேயர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன், சொலீன். இப்படி எழுதற பொண்ணு புகார் எழுதுவாளான்னு கேட்டேன். அவரும் ஒத்துக்கிட்டார்."

மேஜைக்கு அடியில் எர்வே என் காலை மிதித்தான்.

பெல்ஜியக்காரரின் பெயர் யோரிஸ். மனைவி இறந்த பிறகு இங்கே வீடு வாங்கிக்கொண்டு வந்தவர். எட்டு வருஷமாக இருக்கிறார். போன கோடையில் ஊர் விருந்துக்கு மேஜைகளைத் தூக்கி வந்து போட்டதே அவர்தான். இப்போது ரொட்டிக்கடையில் பார்த்தேன். உள்ளே வந்த ஒவ்வொருவரும் மற்றவர்களின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு நலம் விசாரித்தார்கள். யோரிஸ் வந்ததும், "வணக்கம் ஐயா," என்றார்கள். ரொம்ப மரியாதையாக. அவ்வளவுதான். அவர் தன் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

அவர் வீட்டுக் கேட்டில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"வாங்கறீங்களா? நல்ல வீடு," என்றார். "மணிச்சத்தம்கூட இப்ப பாதிதான்."

சிரிக்க முயன்றேன்.

"நான் இல்லைன்னு மூணு தடவை சொன்னேன்மா. 'சரி சரி, அதனால என்ன, விடுங்க'ன்னாங்க. திட்டியிருந்தா நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இவங்க மன்னிச்சிட்டாங்களே! செய்யாததுக்கு மன்னிச்சா என்ன பண்றது?" பலகையில் ஒட்டியிருந்த சிலந்தி வலையை விரலால் எடுத்தார். "துலூஸ்லேர்ந்து ஒரு ஜோடி வந்து பார்த்துட்டுப் போச்சு. திங்கக்கிழமை கையெழுத்து."

அன்று வியாழன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. "வெயில் ஜாஸ்தியா இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எர்வே கெட்டவன் இல்லை. வம்பு பிடிக்காதவன். "இன்னும் நாலு நாள்தான். வீட்டுக்குப் போய் மேயருக்கு ஒரு கடிதாசி போட்டுடு," என்றான்.

"அதுக்குள்ள அவர் வீடு போயிடும்."

"இங்க சொன்னா கிலேன் மூஞ்சில எப்படி முழிப்பே? அவங்க உன்னைக் காட்டித்தான் சத்தியம் பண்ணியிருக்காங்க."

அதுதான். யோரிசை விட எனக்குக் கிலேனிடம்தான் பயம்.

வெள்ளியும் சனியும் நாங்கள் ஊர் ஊராகச் சுற்றினோம். கல்பாலம் உள்ள ஊர், பழைய கோட்டைச்சுவர் உள்ள ஊர், சந்தை நாளில் வாத்துகள் விற்கும் ஊர். ஆட்டுப்பால் சீஸ் வாங்கினோம். எர்வே படம் எடுத்தான். நான் மணிக்கூண்டுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லா ஊரிலும் இரண்டு தடவை அடித்தது. ஓர் ஊரில் ஒரு கிழவர் திராட்சைக் கொடிக்கு நடுவே முதல் அடிக்கு நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து நின்று, இரண்டாவதை எண்ணிவிட்டு வீட்டுக்கு நடந்தார். எனக்கு வாங்கிய சீஸை எர்வேயிடமே கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் விருந்து. சந்தைக் கொட்டகையின் கீழே நீள மேஜைகள். தட்டும் முள்கரண்டியும் அவரவர் வீட்டிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பெரிய அண்டாவில் உருளைக்கிழங்கையும் சீஸையும் சேர்த்து இளைஞர்கள் துடுப்பு மாதிரி கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அலிகோ என்பார்கள். தூக்கினால் ஆள் உயரத்துக்கு அறாமல் இழுபட வேண்டும்.

யோரிஸ் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மூன்று பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. யாரும் அவரை ஒதுக்கியதாகச் சொல்ல முடியாது. எல்லாரும் வேறு எங்கோ உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மணி ஒரு தடவை அடித்தது.

"அரையா, ஒண்ணா?" என்று யாரோ கேட்டார்.

இந்த ஊர் மணி அரை மணிக்கும் ஒரே அடிதான் அடிக்கும். முன்பெல்லாம் இரண்டு நிமிஷம் காத்திருந்தால் தெரிந்துவிடும்: மறுபடி அடித்தால் ஒன்று, இல்லாவிட்டால் அரை.

"பன்னண்டரை."

"ஒண்ணுய்யா. என் வயிறு சொல்லுது."

"உன் வயிறு காலை பத்துக்கே ஒண்ணு அடிக்குமே!"

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், யாரும் நினைத்துச் செய்யாதது போல, நாலைந்து பேரின் பார்வை பெஞ்சின் ஓரத்துக்குப் போய்த் திரும்பியது. யோரிஸ் தன் முள்கரண்டியைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததைத்தான்.

நான் எழுந்தேன். "அந்தச் சீட்டை எழுதினது நான்," என்றேன்.

அண்டாப் பக்கம் கூச்சல். யாருக்கும் கேட்கவில்லை. எர்வேக்கு மட்டும் கேட்டது. அவன் என் சட்டை நுனியைப் பிடித்தான். உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. சொல்லிவிட்டோமே, கேட்காதது அவர்கள் பாடு என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கிலேன் மட்டும், ஏதோ சொன்னாயா என்பது போல, தலையை நிமிர்த்தினார்.

அவரைப் பார்த்தே மறுபடி சொன்னேன். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. "மணியைப் பத்தி எழுதினது நான். யோரிஸ் இல்லை. நான் நல்லாத்தான் தூங்கினேன். குறைன்னு எதையாவது எழுதணுமேன்னு எழுதிட்டேன்."

கரண்டி நின்றது. மேயர் ரெஜிஸ், அலிகோவை உயரத் தூக்கியவர், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அது மெதுவாக இறங்கி அறுந்தது.

"பிடிச்சிருக்குன்னு எழுதினியே," என்றார் கிலேன். "என் புத்தகத்துல எழுதினியே."

"பிடிச்சுதான் இருந்தது."

"அப்படின்னா இது இன்னும் மோசம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மேயர் கைகளைத் துடைத்துக்கொண்டு யோரிசிடம் போனார். குனிந்து வலது கன்னத்தில் முத்தமிட்டார். இடது கன்னத்துக்கு முகத்தைத் திருப்பினார். யோரிஸ் திரும்பவில்லை. மேயரின் முகம் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. "பசிக்குது ரெஜிஸ்," என்றார் யோரிஸ், தட்டை நீட்டி. "ஆறிடப் போகுது."

மறுநாள் காலை காப்பி மேஜையில் விருந்தினர் புத்தகம் இல்லை. கிலேன் சாவியை வாங்கிக்கொண்டு, "பார்த்துப் போங்க," என்றார். எங்கள் இருவரிடமும், ரொம்ப மரியாதையாக.

எட்டு அடித்தது. எர்வே வண்டியைக் கிளப்பவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு மேலேயே காத்திருந்தோம். புறாதான் கத்தியது. மணியை மாற்றி வைக்க ஆள் வர நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வண்டி யோரிஸ் வீட்டைத் தாண்டும்போது பார்த்தேன். கையெழுத்துப் போடும் நாள்தான், ஆனால் கேட்டில் பலகை இல்லை. அதைக் கழற்றி, எழுத்து சுவரைப் பார்த்தபடி சாய்த்து வைத்திருந்தார். எறிந்துவிடவில்லை.