நாலில் ஒரு பங்கு

1.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, அண்ணி கொடுத்தது. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுது. ஆனா என்னைப் பெரிய புத்திசாலியாக் காட்டிடாதே" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மீக்கடத்தி என்பது யாதெனில்…

(பரீட்சை வாடை அடித்தது. விட்டுவிட்டேன்.)

பிறகு: அன்று காலை வானம் மேகமூட்டமாக…

(வானத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

நேராகவே சொல்கிறேன். கடுமையாகக் குளிரவைத்தால் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் ஓடவிடும் பொருள்தான் மீக்கடத்தி. ஆனால் திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தைச் செலுத்தினால் அதிலும் கொஞ்சம் ஆற்றல் சூடாகி வீணாகும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது அண்ணியின் வேலை. மீக்கடத்தி நாடாவைச் சுருளாகச் சுற்றி, குளிர்த்தொட்டியில் இறக்கி, நிஜமாகவே அளந்து பார்ப்பவர் அடுத்த அறையில் இருக்கிறார். அவரைச் சுருள்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

2.

புதுச் சுருளில் அவர் அளந்த இழப்பு, அண்ணி சொன்னதைப் போல இரண்டு மடங்கு வந்தது.

அண்ணியின் கணக்கு அதுவரை பிசகியதே இல்லை. ஆகவே பழி சுருளின் தலையில் விழுந்தது. சுற்றும்போது நாடா எங்கோ விரிசல் விட்டிருக்கும், வெட்டிப் பார்த்துவிடுங்கள் என்று ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார். பிசின் ஊற்றி இறுக்கிய சுருள் அது; வெட்டினால் அதோடு சரி. மழைக்காலம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து சுற்றியவர் வெட்டுவாளை எடுத்து வைத்தார்.

(இந்த இடத்தில் அவரை நாலு வரி கத்தவைத்தேன். நன்றாகவே கத்தினார். ஆனால் அண்ணி சொன்ன ஆள் அவர் இல்லை. அடித்துவிட்டேன்.)

வெட்டுவதற்கு முன்பு அவர் அண்ணியின் அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முழுச் சுருளையும் ஒரு தடவை ஸ்கிரீன்ல காட்டுங்கம்மா. எங்க வெட்டலாம்னு பாத்துக்கறேன்."

3.

அடிக்குறிப்பாகப் போகவேண்டியது, ஆனால் கதையே இதில்தான் இருக்கிறது: இந்தத் தொழிலில் முழுச் சுருளை யாரும் கணக்கிடுவதில்லை. இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு பாதியை மட்டும் கணக்கிட்டு விடையை இரண்டால் பெருக்குவார்கள். கணினிக்கு வேலை மிச்சம். அண்ணி அத்தனை காலமும் அப்படித்தான் செய்துவந்தாள். புதுச் சுருள் மேலும் கீழும்கூட ஒரே மாதிரி இருந்ததால் முதல் முறையாகக் கால் பங்கை மட்டும் எடுத்தாள். பழக்கதோஷம், இரண்டாலேயே பெருக்கிவிட்டாள்.

அவர் கேட்டாரே என்று, திரையில் இருந்த துண்டைப் பிரதி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பாதிதான் ஆயிற்று. கீழே இன்னும் இரண்டு வைக்கவேண்டியிருந்தது. மொத்தம் நாலு துண்டு; அவள் பெருக்கியதோ இரண்டால்.

"வெட்டாதீங்க சார். சுருள் நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது."

"சரிம்மா" என்று அவர் எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்தார். அடுத்த ஆய்வகக் கூட்டத்தில் அண்ணி எழுந்து தன் பிழையைச் சொல்ல வாயெடுத்தபோது, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததில் தெரியவந்தது என்று அவர் முந்திக்கொண்டார். சுருள் பிழைத்தது. அண்ணியின் மானமும்.

4.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) தப்பு அவள் கணக்கில்தான் என்று அவருக்கு முன்பே தெரியும். சபையில் அவள் தலை குனியக்கூடாது என்றுதான் அறைக்கு வந்து, அவளே கண்டுபிடிக்கும்படி கேட்டார்.

(ஆ) அவருக்கு ஒன்றுமே தெரியாது. தன் கையைவிட அவள் கணக்கை நம்பி, தான் சுற்றியதைத் தானே வெட்ட இடம் பார்க்கத்தான் வந்தார்.

அவரையே கேட்டுவிடலாமே என்றேன்.

"எப்படிக் கேக்கறது? ரெண்டுல எதுவா இருந்தாலும் வெறும் தேங்க்ஸ் போதாது. எதுக்குன்னு தெரியாமலே நெஞ்சு நிறைஞ்சு கிடக்கு."

எனக்கும் எதை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒன்றை அடித்தால் அவருடைய பாதியை நானே வெட்டிய மாதிரி ஆகிவிடும். என் கதையில் அண்ணி இப்போது அவர் அறை வாசலில் நிற்கிறாள். கதவு திறந்துதான் இருக்கிறது, அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார். அவள் என்ன சொல்லவேண்டும் என்று நீங்கள்தான்…