டீ பாக்கெட்டில் வந்த டாக்ஸி

லியோனார்ட் காபி ஆசாமி. டீ என்றால் முகத்தைச் சுளிப்பான். அப்படிப்பட்டவன் எழுபத்தெட்டாம் வருஷம் நாலு மாசம் மூன்று வேளையும் டீ குடித்தான் என்றால் நம்புவீர்களா? எல்லாம் அந்தப் பாழாய்ப்போன டி.வி. விளம்பரத்தால் வந்த வினை.

ராயபுரத்தில் அவன் இருந்த சந்துக்கே ஒரு டி.வி.தான், அஜீசுன்னிசா வீட்டில். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கப் போன இடத்தில் விளம்பரம் வந்தது. 'மணிமுடி' டீ கால் கிலோ வாங்கினால் உள்ளே ஒரு குட்டிக் கார். ஆறு கார் சேர்ந்தால் ஒரு செட். கடைசிக் காரைப் பார்த்ததும் லியோனார்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். உடம்பு கறுப்பு, கூரை வெளுப்பு. அட, நம்ம மெட்ராஸ் டாக்ஸி!

அவனுடைய அண்ணன் இன்னாசி ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி ஓட்டியவன். கிறிஸ்மஸ் குடிலில்கூட வருஷா வருஷம் அட்டையில் ஒரு டாக்ஸி செய்து வைப்பான். "புள்ளத்தாச்சிப் பொம்பளய கய்தை மேல ஏத்திகினு சூசையப்பர் அலையணுமா? நம்ம வண்டி இன்னாத்துக்குக் கீது?" என்பான்.

மூன்று வருஷத்துக்கு முன், அண்ணன் அசந்து தூங்கிய நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு போன லியோனார்ட், துறைமுக வாசலில் நின்ற லாரியின் பின்னால் டாக்ஸியைச் சொருகினான். அதோடு விட்டானா? நாலு பேர் முன்னால், "பிரேக்கே புடிக்கலண்ணா, இன்னா வண்டி வெச்சிகினுகீறே?" என்று பழியை வண்டி மேல் போட்டான். தினமும் பிரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் காலை ஜெபமே சொல்லுகிற மனுஷன் இன்னாசி. திட்டவில்லை. உடைந்த வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, விம்கோ நகர் பக்கம் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

பிரேக் நன்றாகத்தான் இருந்தது என்று போய்ச் சொல்லவேண்டும். அவ்வளவுதான். வெறுங்கையோடு போய்ச் சொல்ல லியோனார்டுக்கு வாய் வரவில்லை. அந்தக் குட்டி டாக்ஸி கையில் இருந்தால் வந்துவிடும் என்று நினைத்தான்.

பாக்கெட் பாக்கெட்டாக வாங்கினான். வேன் வந்தது, ஜீப் வந்தது, அதே ஜீப் நாலு தரம் வந்தது.

"பஸ்ஸு ஏறுனா முக்கா மணியில அண்ணன் வூடு. இத்தினி டீ குடிக்கிறதுக்கு நேரா போய் கால்ல வுயேன்யா," என்று அவன் பெண்டாட்டி ஹில்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இரு, அது வரட்டும்."

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை அந்தக் கார் வந்தது. பிரித்தவனுக்கு முகம் செத்துப்போனது. உடம்பு சிவப்பு, கூரை வெள்ளை. அஜீசுன்னிசா வீட்டு டி.வி.யில் கறுப்பும் வெளுப்பும் தவிர வேறென்ன தெரியும்? சிவப்பைக் கறுப்பென்றும் வெள்ளையை மஞ்சளென்றும் நம்பி நாலு மாசம் டீ குடித்திருக்கிறான், மடையன்.

"செவப்பா இருந்தா இன்னா? இத்தியே எத்துகினு போ," என்றாள் ஹில்டா. கேட்டானா? துறைமுகத்துப் பெயிண்டரிடம் கெஞ்சிக் கறுப்பும் மஞ்சளும் வாங்கிவந்து பூசினான். பின்னால் அண்ணன் வண்டியின் பழைய நம்பரை எழுதினான். மழைக்காலம், காய்ந்தால்தானே? ஒன்பது நாள் ஜன்னலில் வைத்திருந்தும் விரலில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பொறுக்கமுடியாமல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கதவைத் திறந்த அண்ணி அடைக்கலமேரி அவனைப் பார்த்ததும் உடைந்து அழுதாள்.

"இப்பத்தான் வயி தெரிஞ்சிதா லியோ? வியாயக்கெயம வாதம் அடிச்சி வுயுந்துட்டாருப்பா. வலது கை வரல, பேச்சும் வரல. உனுக்குச் சொல்லியனுப்ப ஆளில்ல. பொதங்கெயம கூட, கிறிஸ்மஸ் வருது, லியோ வருவான்னு சொல்லிகினுதான் இருந்தாரு."

சிவப்புக் காரையே எடுத்துக்கொண்டு வந்திருந்தால், வாதம் அடித்த வியாழக்கிழமைக்கு ஆறு நாள் முன்னாலேயே வந்திருக்கலாம்.

கட்டிலருகே உட்கார்ந்து அண்ணனின் இடது கையில் டாக்ஸியை வைத்தான். இன்னாசி திருப்பித் திருப்பிப் பார்த்தான். நம்பரைக் கட்டைவிரலால் தடவினான், கறுப்பு ஒட்டிக்கொண்டது. போர்வை மேல் மெல்ல உருட்டி, ஒரு விரலால் நிறுத்தினான்.

"அண்ணா, பிரேக் நல்லாத்தான் இருந்துச்சி அன்னைக்கு. நாந்தான் மெதிக்கல," என்றான் லியோனார்ட்.

இன்னாசியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, சொல்லாகவில்லை. லியோனார்ட் காதை அவன் வாயருகே கொண்டுபோனான். 'போடா பேமானி' என்று ஒரே ஒரு வார்த்தை திட்டினால் போதும் என்று, அந்தி சாயும்வரை அப்படியே குனிந்திருந்தான்.