ஆற்றுத் தண்ணீர்க் குடம்

கலைமதி வீட்டு வாசலில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் போர் தண்ணீர். எந்த நேரம் திறந்தாலும் கொட்டும். இன்னொன்றில் ஒகேனக்கலிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீர். சாயங்காலத்தில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மாரண்டஹள்ளிப் பக்கத்து ஊர்களில் நடக்கத் தெரிந்த பிள்ளைகூட இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. ஆற்றுத் தண்ணீர் குடிக்க, சமைக்க.

இந்த விஷயத்தில் கலைமதி மற்றவர்களைவிடக் கறார். போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் அவள். அதிலுள்ள ஃப்ளோரைடால் பல்லெல்லாம் பழுப்புக் கறை. கல்யாண ஆல்பம் முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். மகள் தீர்த்தனாவுக்கு இப்போதுதான் பால்பல் விழுந்து புதுப் பல் முளைக்கிறது. அந்தப் பல்லாவது வெள்ளையாக இருக்க வேண்டும். கலைமதி சாமியிடம் வேறு எதையும் பெரிதாகக் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் ஆற்றுத் தண்ணீர்க் குடத்தை ஏழு வயதுப் பிள்ளையின் பொறுப்பில் விட்டாள் என்றால், அதற்குக் காரணம் போனில் வந்த ஒரு வீடியோ. சின்ன வயதிலேயே வீட்டு வேலை கொடுத்தால்தான் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும் என்று ஒரு அம்மாள் அதில் அழகாகப் பேசினாள். அந்த அம்மாளின் சமையலறை பளபளவென்று இருந்தது, பிள்ளைகளின் சத்தமே கேட்கவில்லை. அதெல்லாம் கலைமதியின் கண்ணில் படவில்லை. நாற்றுப் பண்ணையில் வேலை முடிந்து அவள் வருவதற்குள் குழாய் நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் சொம்பு சொம்பாகப் பிடித்து ஊற்றினால் வீட்டுக்குத் தண்ணீரும் ஆச்சு, பிள்ளைக்குப் பொறுப்பும் ஆச்சு.

"நான் வர்றப்ப கொடம் ரொம்பியிருக்கணும். வேற ஒன்னும் நீ செய்ய வேண்டாம்" என்றாள்.

தீர்த்தனா செய்தாள். வெள்ளைத் துணி கட்டி வடித்து, மூடி போட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் விளையாடப் போனாள். ஒரே ஒரு நாள் குடம் அரைகுறையாகக் கிடந்தது. அன்று கலைமதிக்குப் பண்ணையில் மேஸ்திரியோடு வாய்த்தகராறு. அந்தக் கோபமெல்லாம் வீட்டில் வந்து இறங்கியது.

"உன்னை நம்பி ஒரு வேல குடுக்க முடியுதா? பொறுப்பில்லாத கழுத" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. சோறு போடும்போதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு குடம் ஒருநாளும் குறையவில்லை; தளும்பத் தளும்ப இருந்தது. "எம்பொண்ணுக்கு ஒரு தடவ சொன்னா போதும்" என்று கலைமதி பண்ணையில் பீற்றிக்கொண்டாள். ஓசூர் கம்பெனியிலிருந்து வாரக் கடைசியில் வந்த புருஷன் ரஞ்சித்குமார் ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி ஏன் ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டதுதான் தாமதம், "கொழந்த கஷ்டப்பட்டுப் புடிச்சு வெச்சிருக்குது, அதுலயும் கொற சொல்லணுமா உங்களுக்கு?" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். பருப்பு எத்தனை விசில் விட்டும் வேகாமல் நறுக்கு நறுக்கென்று கிடந்தது. அதற்கு மளிகைக்கடை நிசார் அகமது பாய்க்குத் திட்டு விழுந்தது; பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டாராம். பெருமை அவள் கண்ணை அந்த அளவுக்கு மறைத்திருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லிதான் விஷயத்தை உடைத்தாள், அதுவும் தெரியாமல். பஸ்ஸை விட்டிறங்கி இருவரும் நடந்து வரும்போது, "ஒரு வாரமாச்சு கலை, ஆத்துத் தண்ணி சொட்டுகூட வர்ல. ரோடு போடறேன்னு பைப்ப ஒடச்சு உட்டுட்டாங்க. நாங்க கேன் தண்ணி வாங்கித்தான் ஓட்டறோம். நீங்க என்ன பண்றீங்க?" என்றாள்.

கலைமதி வீட்டுக்கு விரைந்தாள். குடம் நிறைந்திருந்தது. ஒரு வாரமாக அவசரத்தில் விழுங்கிய தண்ணீரை இப்போது நிதானமாக ஒரு மடக்குக் குடித்தாள். சின்ன வயதெல்லாம் குடித்த தண்ணீர், நாக்குக்குத் தெரியாதா என்ன?

"தீர்த்தனா, இது எந்தக் கொழாத் தண்ணி?"

"போர் தண்ணி." மகள் மறைக்கவில்லை.

"அதக் குடிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஊத்தி வெச்ச?" கலைமதி கையை ஓங்கிவிட்டாள்.

"கொடம் ரொம்பியிருக்கணும்னு நீதான சொன்ன? கொறஞ்சிருந்தா எங்கூடப் பேச மாட்ட."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. கலைமதிக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவின் முகம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்று பிள்ளை புரிந்துகொண்டிருக்கிறது. அப்படிப் புரிய வைத்தவள் இவள்தான். வீடியோவைக் குறை சொல்லிப் பயனில்லை.

குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தாள். ராத்திரிக்குச் செல்லி வீட்டில் ஒரு சொம்பு கேன் தண்ணீர் கடன் வாங்கி வந்து மகள் எதிரே உட்கார்ந்தாள்.

"இனிமே ரொப்பறது உன் வேல கெடையாது. கொழாயத் தொறந்து பாரு. வந்தா புடிச்சு வையி. வர்லன்னா வர்லன்னு எங்கிட்டச் சொல்லு. அதான் வேல. திட்ட மாட்டேன்."

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா."

மறுநாள் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் தீர்த்தனா வாசலுக்கு வந்து நின்றாள். "அம்மா, தண்ணி வர்ல. கொடம் காலி" என்று சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். வெயிலில் காய்ந்து வந்த கலைமதிக்குத் தொண்டை வறண்டிருந்தது. "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லவும் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது.

மகள் நகரவில்லை. "இன்னொன்னும் சொல்லட்டுமா? திட்ட மாட்டயே?"

"சொல்லு."

"ஸ்கூல்ல எம் பாட்டிலு சாப்பாட்டு மணிக்கு முன்னாடியே தீந்துருதும்மா. அப்புறம் அங்க இருக்கற போர் தண்ணியத்தான் குடிப்பேன். ஒன்னாவதுல இருந்தே அப்படித்தான்."

கலைமதிக்கு 'இத ஏன்டி இத்தன நாளா சொல்லல?' என்று வாய்வரை வந்தது. ஆனால் பதில் அவளுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

"நாளைல இருந்து ரெண்டு பாட்டிலு கொண்டு போ" என்றாள் மெதுவாக.

"எதுல இருந்து ரொப்பறது? கொடம் காலின்னு இப்பத்தான சொன்னேன்" என்றாள் தீர்த்தனா, பொறுப்பாக.